உள்வீட்டு அரிவரி

நான் பெரிய மனுஷியான அன்றோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. யாரும் திட்டவில்லை, யாரும் எதையும் விளக்கவுமில்லை. சடங்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் சிலேட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வழக்கம்போல் நின்றேன். உம்மா அதை என் கையிலிருந்து வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எங்கள் வீடு பதுளைக் கடைத்தெருவில் வாப்பாவின் புடவைக்கடைக்குப் பின்னால் இருந்தது. தெருவைப் பார்த்தபடி கடை, அதற்குப் பின்னால் துணிக்கட்டுகள் அடுக்கிய இருட்டறை, அதையும் தாண்டினால் நாங்கள் இருந்த உள்வீடு. உள்வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. அடுப்படிக்கு அப்பால் கிணற்றுமுற்றம், முற்றத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதிலில் பின்சந்துக்குத் திறக்கிற ஒரு சின்னக் கதவு. கடைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். அந்தத் திரைக்கு அந்தப்பக்கம் நான் போகக்கூடாது. திரைக்கு இந்தப்பக்கம் நின்று நான் பேசுவதும் கடையில் கேட்கக்கூடாது.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. தேயிலைப் பெட்டிகள் ரயிலேற்ற மாட்டுவண்டியில்தான் பண்டாரவளைக்குப் போகும். வண்டிகள் போகிற சத்தத்தை வைத்தே நேரம் சொல்லப் பழகிக்கொண்டேன். மழை பிடித்துக்கொண்டால் அந்தச் சத்தமும் கேட்காது. தகரக்கூரையில் விழுகிற மழையும், உம்மா வெங்காயம் உரிப்பதும், நானும்தான். பள்ளியில் படித்த பாட்டுகளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். சில வரிகள் மறந்துபோயிருக்கும். மறந்த வரியைக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

எங்கள் கிணறு கோடையிலும் வற்றாது. அதனால் பின்சந்துப் பெண்கள் அந்தச் சின்னக் கதவு வழியாகத் தண்ணீருக்கு வருவார்கள். அங்கே அடிபட்ட பேச்சிலிருந்துதான் என் உள்வீட்டுப் பள்ளிக்கூடம் பிறந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை வாத்தியார் அந்த வருஷம் ஒரு புதுக் கட்டளை போட்டிருந்தார். எழுத்துத் தொடங்குகிற அரிவரி வகுப்பில் இடித்துப் பிடித்து உட்காரக்கூட இடமில்லை, ஒரே வாத்தியார்தான், இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிறார். ஆகவே எழுத்துத் தெரிந்த, சொன்ன இடத்தில் உட்காரத் தெரிந்த பிள்ளைகளைத்தான் இனிமேல் சேர்ப்பது என்று சொல்லிவிட்டார். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றுமில்லை. எங்கள் சந்துப் பிள்ளைகளைத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

தையற்காரர் மனைவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். பக்கத்து வீடு. அவருடைய மகனைத் திருப்பி அனுப்பிய அன்று மாமி குடத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உம்மாவிடம், "உள்ள ஒரு கொமரு சும்மாதான இருக்கு. எழுத்துத் தெரிஞ்ச கொமரு. நம்ம புள்ளைங்கள அதுக்கிட்ட விட்டா என்ன?" என்று கேட்டார்.

வண்டிக்காரர் மனைவியும் அப்போது அங்கே இருந்தார். இந்துப் பெண். அவர் புருஷன்தான் எங்கள் கடைக்கும் பல தோட்டங்களுக்கும் சாமான் ஏற்றுகிறவர். அவருக்கும் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு மகன் இருந்தான். உம்மா வாப்பாவைக் கேட்கவேண்டும் என்றார். குமர்ப்பிள்ளை வெளியே போகவில்லை, வருகிறவர்களும் மூக்கு ஒழுகுகிற குழந்தைகள், ஆகையால் வாப்பா மறுக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேன். கேட்காததுதான் உறுத்தியது.

அதன்பிறகு அந்தச் சந்து நடந்துகொண்ட விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். வண்டிக்காரர் பதுளை ஓயா ஆற்றிலிருந்து மணல் கொண்டுவந்து போட்டார். அவர் மனைவி அதைச் சலித்து, கழுவி, காயவைத்து அடுப்படியை அடுத்த கூடத்தில் பரப்பினார். எழுதப் பழகுவது அந்த மணலில்தான். மாமி தையல் வெட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்துப் பிள்ளைகள் உட்கார விரிப்புச் செய்தார். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். அந்த அரிசியில் முற்பகலில் கஞ்சி காய்ச்சுவோம். பசித்த பிள்ளை எழுத்தைப் பார்க்காது, அடுப்பைத்தான் பார்க்கும் என்று உம்மா சொல்வார்.

முதல் நாட்களில் அழுகைதான். ஒன்று கிணற்றுப்பக்கம் ஓடும், அதைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் மற்றொன்று மணலைத் தின்றுகொண்டிருக்கும். நானே சின்னப்பெண். ஆனா, ஆவன்னா என்று விரலைப் பிடித்து மணலில் இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். அது சுலபம். மற்றவைதான் பாடு. பேரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும். வெளியே போகவேண்டுமானால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கக்கூடாது. இதைவிடப் பெரியது, கோட்டுப் போட்ட ஆளைக் கண்டால் பயப்படக்கூடாது. பெண்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள் தலைமை வாத்தியாரின் கோட்டைக் கண்டே வாயடைத்துப்போயிருந்தார்கள். நான் வாப்பாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, கரண்டியைப் பிரம்பாகப் பிடித்துக்கொண்டு, அவர் கனைப்பதுபோல் கனைத்துக் கேள்வி கேட்பேன். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கியதும் பயம் போய்விட்டது. உம்மா அடுப்படியிலிருந்து முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு விவரித்துக்கொண்டே இருப்பேன். வாசலில் பலாமரம் நிற்கும், மணி அடித்ததும் அதனடியில் வரிசையாக நிற்க வேண்டும், படியேறி வலதுபக்கம் திரும்பினால் அரிவரி வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அடுத்த முறை பிள்ளைகளைச் சேர்த்தபோது வண்டிக்காரர் மகனும் மாமி மகனும் சேர்ந்துவிட்டார்கள். பெண்கள் எல்லோருக்கும் அன்று சந்தோஷம். மாமி சீனிமா உருண்டை கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் அவர் மகன் ஓடிவந்து, "பலாமரம் இல்ல லாத்தா. வெட்டிட்டாங்க. அரிவரி இப்ப புதுக் கட்டடத்துல" என்றான்.

அதைக் கேட்டு நான் ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டேன் என்று உம்மாவுக்குப் புரியவில்லை. நான் விட்டுவந்த இடம் நான் விட்டபடியே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது இருந்த தெரு எங்கள் மதிலிலிருந்து கூப்பிடுதூரம். மரம் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர் மனைவி ஒரு தோட்டத்துப் பெண்ணைப் பின்கதவு வழியாக அழைத்துவந்தார். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவர். இடுப்பில் ஒரு மகள், ஐந்து வயதிருக்கும், இறங்கமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நின்றபடியே பேசினார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கூலிக்காரர் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் பள்ளிக்கூடம் என்று ஒன்று நடக்கிறதாம். கொழுந்து பொங்குகிற மாதங்களில் வாத்தியார் அதை மூடிவிட்டுக் கொழுந்து நிறுக்கப் போய்விடுவாராம். பெண்பிள்ளைகளை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லையாம். மூத்த மகனுக்குப் படிப்பு இல்லாமலே போய்விட்டதாம்.

"இன்னுங் கொஞ்ச நாள்ல புல்லு புடுங்க இவளுக்குப் பேர் போட்டுருவாங்க. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல பேர் போட்டுடணுங்க," என்றார்.

தினமும் மலையிலிருந்து இறங்கி வர முடியாது. அதனால் பிள்ளையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு ஞாயிறுதோறும் வந்து பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். தாய் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது அந்தப் பிள்ளை போட்ட கூச்சல் கடை வரைக்கும் கேட்டு, வாப்பாவே திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

என் பாயில்தான் அது படுக்கும். சந்துப் பிள்ளைகளைப்போல் லாத்தா என்னாமல் என்னை அக்கா என்று கூப்பிட்டது. முதலில் பல நாட்கள் எழுத்துப் பக்கமே வரவில்லை. எங்கள் மலை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. முற்றத்தில் துவைகல்லின்மேல் ஏறி நின்று, நான் அதைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தால், மதிலுக்கு மேலே நமுனுகுலை மலையின் தலை தெரியும். தெரிகிறதா என்று கேட்பேன். தெரிகிறது என்று சொல்லும். எனக்குத் தெரியாது, மதில்தான் தெரியும். தினமும் ஒருமுறை தூக்கிக் காட்டுவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் மணலில் விரலை வைத்தது. வைத்த பிறகு விடவில்லை. மற்றப் பிள்ளைகள் போனபிறகும் தனியே குந்தி எழுதிக்கொண்டிருக்கும். அழிக்கச் சொன்னால் கோபம் வரும்.

அந்த மழைக்காலத்தில் உம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. முதலில் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துவா என்றார். பிறகு அடுப்பை ஊது என்றார். பிறகு பாத்திரங்கள். பிள்ளை சொன்னதைச் செய்தது. அதற்கு வேலை புதிதல்ல. படிக்க வந்த பிள்ளைக்கு வேலை வேண்டாம் என்று நான் உம்மாவிடம் ஜாடையாகவும் சொன்னேன், வாய்விட்டும் சொன்னேன். வீட்டில் இருக்கிற பிள்ளை கூடமாட ஒத்தாசை செய்யாதா, நீ செய்யவில்லையா என்று கேட்டார். உண்மைதான், நானும் செய்தேன். அந்த வீட்டுக்குள் வருகிற பெண்பிள்ளைக்கு எப்படியோ அந்த அடுப்படியில்தான் இடம் அமைந்துவிடுகிறது. எனக்கு நடந்தது இதற்கும் என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டுகிற சத்தம் கேட்கும்போது அது சாம்பலும் தேங்காய்நாருமாகக் கிணற்றடியில் இருக்கும்.

ஒரு ஞாயிறு தாய் சற்று முந்தி வந்துவிட்டார். மகள் கரிச்சட்டியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பக்கத்தில் போய்க் குந்தி, மகளின் இரண்டு கைகளையும் கழுவித் துடைத்துவிட்டார். பிறகு எழுந்து அடுப்படி வாசலில் நின்றார். குரல் உயரவே இல்லை.

"பாத்திரம் தேய்க்க நான் புள்ளைய விடலீங்கம்மா. அதுக்கு லயத்துலயே பாத்திரம் இருக்கு."

உம்மா எழ முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். பிறகு, தைப்பொங்கல் கழிந்து பள்ளியில் சேர்க்கிற அன்றைக்கு இந்தப் பிள்ளையையும் சேர்த்துவிடுவது தன் பொறுப்பு என்று சொன்னார். அன்றைக்கு நீயும் வந்துவிடு என்றார். தாய் தரையைப் பார்த்தபடி, வேலைநாளில் காலை ஆள்கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வராமல் ஊருக்கு இறங்கக் கங்காணி விடமாட்டார் என்றார். மகளைப் பள்ளியில் சேர்க்கிற நாளை அவர் மலையில் நின்றுதான் கழிக்க வேண்டும். என்னுடையது கண்ணுக்குத் தெரிகிற மதில், அவருடையது கண்ணுக்குத் தெரியாத மதில், வித்தியாசம் அவ்வளவுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

தலைமை வாத்தியார் தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்குவார். கொழுந்துக் காலம் வந்தால் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பது அவர் குறை. ஊரில் ஒரு வீட்டுக்காரர் நேரில் வந்து பொறுப்பேற்றால்தான் பேர் எழுதுவார். பள்ளியில் சேர்க்கிற வாரம் வாப்பா சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். உம்மாவால் வாசல்வரைக்கும் நடக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

வழி சொன்னது மாமிதான். சந்துப் பெண்கள் எல்லோருமாகப் போவது, எல்லோரும் வெள்ளைத் துப்பட்டியால் முழுக்கப் போர்த்திக்கொள்வது, என்னை நடுவில் வைத்துக்கொள்வது. நாங்கள் எல்லோரும் ஒரே வெள்ளையாக இருக்கும்போது எது குமர், எது கிழவி என்று தெருவில் யாருக்குத் தெரியும் என்றார். உம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லித் தன் துப்பட்டியை எடுத்து என்மேல் தானே போர்த்திவிட்டார். "வாயத் தொறக்காத," என்றார்.

வருஷக்கணக்கில் கால் படாத தெரு. துப்பட்டியின் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போனவரின் குதிகால்களும் கொஞ்சம் சேறும்தான். மாட்டுச்சாணியும் நனைந்த சாக்கும் மணத்தன. மழை தூறியது. வண்டிக்காரர் மனைவி மட்டும் போர்வையில்லாமல், சேலைத்தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்தபடி எங்களுக்கு முன்னால் நடந்தார். அவர் நடப்பதைப் பார்த்துத்தான் வழி தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடப் படி என்று நான் நினைத்த இடத்தில் படி இல்லை. இடறிவிட்டேன். மாமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைமை வாத்தியார் பிள்ளையைப் பேர் கேட்டார். கோட்டைக் கண்டு அது பயப்படவில்லை, சொன்னது. எழுதச் சொல்லிச் சிலேட்டைக் கொடுத்தார். பரணிலிருந்து இறக்கிய என் சிலேட்டை முந்திப் படித்த பிள்ளைகள் எப்போதோ உடைத்துவிட்டிருந்தார்கள், இந்தப் பிள்ளை மணலைத் தவிர வேறெதிலும் எழுதியதில்லை. சுட்டுவிரலைச் சிலேட்டில் வைத்து அழுத்தி இழுத்தது. ஒன்றும் விழவில்லை. மறுபடி இழுத்தது. பிறகு திரும்பி என்னைத் தேடியது. அங்கே நின்றதெல்லாம் வெள்ளைத் துணிகள். ஒவ்வொன்றாகப் பார்த்தது. எதில் நான் இருக்கிறேன் என்று அதற்குத் தெரியவில்லை.

குச்சியை எடு என்று சொல்லப் போனேன். வாயைத் திறந்தால் என்னைப் படிப்பித்த மனிதர் அவர், குரல் தெரிந்துவிடும். கூடத்தில் வேறு ஆண்களும் இருந்தார்கள். துப்பட்டிக்குள் என் மூச்சே எனக்குச் சுட்டது. பற்களால் துணியைக் கடித்துக்கொண்டேன்.

வண்டிக்காரர் மனைவி குனிந்து சிலேட்டுக் குச்சியை எடுத்துப் பிள்ளையின் விரல்களுக்குள் வைத்தார். "இதையே வெரல்னு நெனச்சுக்கம்மா," என்றார்.

பிள்ளை எழுதியது. அழுத்தியதில் குச்சி ஒருதரம் முறிந்தது, துண்டை வைத்துக்கொண்டே எழுதி முடித்தது. தலைமை வாத்தியார் சிலேட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். யார் பொறுப்பு என்று கேட்டதற்கு மாமி எங்கள் கடையைச் சொன்னார். யார் சொல்லிக்கொடுத்தது என்று அடுத்துக் கேட்டார். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுச் சிலேட்டைத் திரும்பப் பார்த்தார்.

"இந்த ஈயன்னா போடுற மாதிரி முந்தி இங்க ஒரு பிள்ளை போடும்," என்றார். "அது இப்பவும் படிக்குதா?"

மாமிதான் பதில் சொன்னார். "படிக்குதுங்க ஐயா."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பேரை எழுதினார். திரும்பி வரும்போது துப்பட்டிக்குள் அழுதேன். அழ வசதியாகத்தான் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

வாப்பா கொழும்பிலிருந்து வந்ததும் தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் கத்துகிற மனிதரல்ல. சாப்பிட்டுக் கை கழுவினார். கூடத்தில் பரப்பியிருந்த மணலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். மறுநாள் கடைப்பையன்கள் அதை வாரிக் கிணற்றடியில் கொட்டினார்கள். பிள்ளைகள் வந்து கதவைத் தட்டினார்கள், உம்மா கொண்டியை எடுக்கவில்லை. அந்தக் கோடைக்குள் பண்டாரவளையில் ஒரு கடைக்காரருக்கு என்னை நிக்காஹ் செய்து கொடுத்தார்கள்.

தோட்டத்துப் பிள்ளையை வண்டிக்காரர் மனைவி தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். அது இரண்டாம் வகுப்புவரைக்கும் படித்தது. பிறகு தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனதால் தாய் வந்து அழைத்துக்கொண்டு போனாராம். அரைக்கூலி ஆளாக அரைப்பேர் போட்டு மலையில் நிறுத்தினார்களாம். தலைமை வாத்தியாருக்குப் பொறுப்புச் சொன்ன வீடு எங்களுடையது. எங்களில் யாரும் மலைக்குப் போகவில்லை. போயிருந்தாலும் சொல்வதற்கு என்ன இருந்தது என்று தெரியவில்லை.

பண்டாரவளை வீடு மாடிவீடு. அங்கே ஜன்னல் உண்டு, அதற்குத் திரையும் உண்டு. மாமியாருக்கு வெளிப்பிள்ளைகள் வீட்டுக்குள் வருவது பிடிக்காது. வண்டிக்காரர் தேயிலைப் பெட்டி இறக்கிவிட்டுப் போகும்போது எங்கள் கடையில் நிற்பார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவருக்கு அது தெரியும். அதனால் என் கணவரிடம் சொல்கிறமாதிரி பதுளைச் செய்தியைச் சற்று உரக்கச் சொல்வார். ஒருநாள், சந்துப் பிள்ளைகளை இப்போது தன் மனைவியே கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றார். மகனோடு உட்கார்ந்து எழுத்துப் படித்துக்கொண்டாளாம். பிடியரிசியும் நிற்கவில்லையாம். வீடு கொள்ளாமல் மாட்டுத்தொழுவத்தைக் கழுவி அங்கேயும் உட்காரவைக்கிறாளாம். சேர்க்கிற நாளில் அவளே எல்லோரையும் தெருவழியாக ஓட்டிக்கொண்டு போகிறாளாம்.

சந்தோஷப்பட்டேன். வயிறும் எரிந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன. அன்று வண்டிக்காரர் மனைவி போர்வை இல்லாமல் முன்னால் நடந்துபோனதுதான் கண்ணுக்குள் நின்றது.

எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ழகரம் சொல்லவராத பிள்ளைகளுக்கு அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. அடுத்தமுறை வண்டி வரும்போது அதைக் கேட்டுவைக்கும்படி என் கணவரிடம் சொன்னேன். அதைப்போய் யாராவது கேட்பார்களா என்று சிரித்துவிட்டு, சரி என்றார். வண்டி வந்தது. படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். கீழே அவர்கள் மாட்டுக்குக் கால் நோவு வந்ததைப் பற்றியும், பதுளைக்கு ரயில்பாதை போட அளக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசினார்கள். பேசி முடித்து வண்டி கிளம்பிவிட்டது. என் கணவர் மேலே வந்தபோது கேட்டீர்களா என்றேன். மறந்துவிட்டேன் என்றார். அவருக்குச் சோறு போட்டேன்.